மீன் எண்ணெய் பூசிய ஏசி

ஏசியின் அவுட்டோர் பெட்டியை மூன்று பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பெட்டிக்குள் அணில் குட்டி போட்டுப் பார்த்திருக்கிறேன். குளவி கூடு கட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சாரைப்பாம்பு சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு ஏணியோடு சேர்ந்து நானும் கீழே வந்திருக்கிறேன். ஆனால் பூனைகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து நக்குவதை அன்றுதான் பார்த்தேன்.

இடம் பாம்பன் தீவில் தங்கச்சிமடம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலமும் அக்கினி நட்சத்திரமும் ஒன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு மே மாதம். காலையிலேயே வெயில் பிடரியில் அடித்தது. எங்களுக்கு அதுதான் சீசன். மற்ற மாதங்களில் எங்களை யாரென்றே தெரியாதவர்கள்கூட அந்த மாதத்தில் சொந்தம் கொண்டாடுவார்கள்.

"என்னங்க இது கூத்து?" என்றேன்.

"பூனைக்கும் வேர்க்கும்ல. குளுகுளுன்னு இருக்கும்னு வந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் முருகேசன். நான் செல்வி. இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ராமநாதபுரத்தில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருப்பது நாங்கள் இருவரும்தான். வீட்டுக்குள் மாட்டும் பெட்டி என் பொறுப்பு, வெளியே மாட்டும் பெட்டி அவர் பொறுப்பு. எங்களுக்குள் சண்டை வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஓடும் செம்புக் குழாய்தான் ஒரே தொடர்பு.

கிழக்கா, மேற்கா

அது அந்தோணி அண்ணன் வீடு. விசைப்படகில் டிரைவர். ஆறடி உயரம், கதவு நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியாது. அவர் மனைவி ஜெபமாலை அக்கா கருவாடு வியாபாரம் செய்கிறவர். குரல் பாம்பன் வரை கேட்கும். ஒரே மகள் பிரின்சி. பரமக்குடியில் கைத்தறிச் சேலை வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குத்தான் அந்த வாரம் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

தலைப் பிரசவம். பிள்ளையோடு அம்மா வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்காகவே அந்தோணி அண்ணன் வீட்டின் பின்பக்கம் ஒரு ரூம் எடுத்து, டைல்ஸ் போட்டு, போன வருடமே ஏசியும் மாட்டியிருந்தார். மாட்டியது நாங்கள்தான். எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை பிறந்த மறுநாள் ஏசி குளிர்ச்சியை நிறுத்திக்கொண்டது.

அதைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா பரமக்குடியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னார்களாம். ஏசி ஓடினால் பிள்ளையைத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஓடவில்லை என்றால் காரை நேராகப் பரமக்குடிக்கு விடுங்கள், இந்த வெக்கையில் பச்சைப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒரு பேத்தி இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"தங்கச்சி, மூணு மணிக்கு டிஸ்சார்ஜ்" என்றார் அந்தோணி அண்ணன். "ராமநாதபுரத்துலருந்து காரு கெழக்க திரும்புமா மேக்க திரும்புமான்றது ஒன் கையிலதான் இருக்கு."

"புள்ளையப் பாத்துட்டியளாண்ணே?"

"ஆஸ்பத்திரியில ஒரு தரம் காட்டுனாக. தூக்கல. வீட்டுக்கு வந்து தூக்கிக்கலாம்னு வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை பரமக்குடிக்குப் போய்விட்டால் அவர் பேத்தியைப் பார்க்க சம்பந்தி வீட்டு முன்ரூமில் போய் விருந்தாளியாக உட்கார வேண்டும். தடைக்காலம் முடிந்தால் கடல். அப்புறம் எங்கே பார்ப்பது?

ஊருக்கு ஒரு வைத்தியம்

கதையை அங்கேயே நிறுத்திவிட்டு இதைச் சொல்லிவிடுகிறேன். ஏசியை நாங்கள் ஒரு விதமாக மாட்டிவிட்டு வருவோம். அதன்பிறகு அது அந்தந்த ஊர்க்காரர்களின் பிள்ளை. அவரவர் வழக்கப்படி வளர்ப்பார்கள்.

நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம். அங்கே ஒரு வீட்டில் அவுட்டோரின் காற்றாடிக்கு எதிரே சாக்கை விரித்து மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். சூடான காற்று சும்மாதானே போகிறது என்ற நினைப்பு. அந்தத் தெரு முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தது. தபால்காரர் மட்டும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து போனார். நான் பெட்டியைத் திறந்ததும் எனக்கும் ஆரம்பித்தது. அன்று பூராவும் வேலையை விடத் தும்மியதுதான் அதிகம்.

பரமக்குடியில் தறி ஓடும் வீடுகளில் நூல் பஞ்சு பில்டரில் மெத்தை மாதிரி அடைந்திருக்கும். எடுத்துத் திரித்தால் ஒரு கைக்குட்டை நெய்யலாம்.

பெரியபட்டினத்தில் எனக்கு மவுசு ஜாஸ்தி. நிறைய வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். ஆண் மெக்கானிக் போனால் சொந்தத்தில் யாராவது பெரியவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்க முடியும். நான் போனால் நேராகப் படுக்கையறை வரைக்கும் ராஜபாட்டைதான். என் வீட்டுக்காரர் வெளியே மதில் ஓரம் தன் பெட்டியோடு நின்றுகொள்வார். அங்கே மூத்த பெண்களை லாத்தா என்று கூப்பிடுவேன். ஒரு லாத்தா ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் உள்பெட்டிக்குப் பூப்பூவாக உறை தைத்து மாட்டியிருக்கிறார். ஏசி அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

"தூசி படக் கூடாதுன்னுதாம்மா போட்டேன். மாஷா அல்லாஹ், புதுசு மாதிரியே இருக்குல்ல?" என்றார்.

புதுசு மாதிரியேதான் இருந்தது. உறைக்குள் கையை விட்டால் விறைத்தது. வெளியே லாத்தா விசிறிக்கொண்டிருந்தார். உறையைக் கழற்றினேன், வேலை முடிந்தது. காசு வாங்க மனசு வரவில்லை. இஞ்சி டீயும் பொரித்த பலகாரமும் கொடுத்து அனுப்பினார். நல்ல வீடு.

தீவுப் பக்கம் எதிரியே வேறு. உப்புக் காற்று. ஆணியை விடாது, ஸ்டாண்டை விடாது, பெட்டியின் தகரத்தை அப்பளம் மாதிரி பொரிய வைத்துவிடும். அதனால் மாதாமாதம் நல்ல தண்ணீர் விட்டு அவுட்டோரைக் கழுவச் சொல்வோம். சொன்னபடி செய்கிறவர்கள் அபூர்வம். சொன்னதற்கு மேல் செய்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோழி இறகு

பூனைகளை விரட்டிவிட்டுக் கிட்டே போனதும் வாடை தெரிந்துவிட்டது. ஏசியை ஓட விட்டோம். சில நிமிடம் ஓடிவிட்டு அவுட்டோர் கம்மென்று நின்றது.

"அண்ணே, இதுல என்ன பூசுனிய?" என்றேன்.

அந்தோணி அண்ணன் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"கேக்குறாள்ல, சொல்லுங்களேன்" என்றார் ஜெபமாலை அக்கா, அடுப்படி ஜன்னலிலிருந்து.

"மீனெண்ண" என்றார் மெதுவாக.

"வள்ளத்துக்குப் பூசுவியளே, அதுவா?"

"அதேதான். உப்புக் காத்து தின்னுரும், பாத்துக்கங்கன்னு நீதான சொன்ன? மரம், இரும்பு எதுன்னாலும் எண்ணயப் பூசிட்டா உப்பு கிட்ட அண்டாது. படகு மராமத்து பாக்கையில மிச்சம் இருந்துச்சு. இதுக்கும் ஒரு மராமத்து பாத்துருவமேன்னு…"

மேலே மட்டும் பூசியிருந்தால் தொல்லை இல்லை. பெட்டியின் பின்பக்கம் காயிலில் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருக்கும். ரூமிலிருந்து இழுத்து வந்த சூடு அந்த இடுக்குகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தோணி அண்ணன் கோழி இறகை எண்ணெயில் தொட்டு, ஒரு இடுக்கு விடாமல் உள்ளே வரை பூசியிருக்கிறார். இரண்டு நாள் உட்கார்ந்து பூசினாராம். அதன் மேல் கடற்கரை மணல் பறந்து வந்து ஒட்டி, வெயிலில் காய்ந்து, காயில் முழுக்கத் தார் ரோடு மாதிரி ஆகிவிட்டது. சூடு போக வழியில்லாமல் அவுட்டோர் மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தது.

"ஏசி என்ன வள்ளமா? கடல்ல எறக்கி மீன் பிடிக்கப் போறியளா?" என்று ஆரம்பித்தார் ஜெபமாலை அக்கா. அதற்குப் பிறகு அவர் சொன்னதை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. அவ்வளவு பெரிய மனிதர் சின்னதாகிப் போய் நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் அந்த மனிதர் மனசில் பிறக்கப் போகும் பிள்ளையைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

பெற்றவளுக்கு முன்னால் குளித்தது

என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "காயில் போச்சு. புதுசுதான் போடணும். மதுரையிலருந்து வரணும், நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்குப் பாத்து? புள்ள பரமக்குடியில இருக்கும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? மீனெண்ண காஞ்சா வார்னிஷ் மாதிரி. ஏன் வீணா மெனக்கெடுற?"

"வார்னிஷையே சுரண்டி எடுக்கிறாக. நீங்க பெட்டியக் கழத்திக் கீழ வைங்க."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டே கழற்றினார். செம்புக் குழாய் வழியாகக்கூடப் பேசப் போவதில்லை என்று தெரிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காய்ந்த எண்ணெய்க்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. வெந்நீர் வேண்டும், நிறைய வேண்டும். கொல்லையில் பார்த்தால் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கிறது. பிரின்சி வந்ததும் உடம்புக்கு ஊற்றுவதற்காக ஜெபமாலை அக்கா அடுப்பு மூட்டி வைத்தது. பக்கத்தில் நொச்சி இலை கட்டாகக் கிடந்தது.

"அக்கா, அந்தத் தண்ணி வேணும்."

"புள்ள பெத்தவளுக்கு வச்ச தண்ணிடி அது!"

"அவ இங்கன வந்தாத்தானக்கா ஊத்துவிய?"

அக்கா முந்தானையால் அண்டாவின் வளையத்தைப் பிடித்துத் தானே தூக்கி வந்தார். கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகக் கலக்கி ஊற்றினோம். ஊற வைத்தோம். மேலிருந்து கீழாகப் பிரஷ் போட்டோம். மறுபடியும் ஊற்றினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் காப்பிக் கலரில் ஒரு கோடு வழிந்தது. அதைப் பார்த்து அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மத்தியானம் வரைக்கும் அதே வேலை. பாதி காயில் வெள்ளையாகிவிட்டது. அங்கேதான் என் வீட்டுக்காரர் காரியத்தைக் கெடுத்தார். நான் சொல்லி அவர் கேட்பதா என்ற வீம்பில் தண்ணீர் பம்பைக் கொண்டுவந்து, அதன் மூக்கைக் காயிலுக்குக் கிட்டே வைத்து அழுத்திவிட்டார். அலுமினியத் தகடு அப்பாவி. ஒரு முழ நீளத்துக்கு எல்லாம் மடங்கி, மிதித்த நாணல் மாதிரி படுத்துவிட்டது. எண்ணெய் அடைத்த இடத்தை இப்போது தகடே அடைத்துக்கொண்டது.

வாடிக்கையாளர் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. அன்று அது காற்றில் போனது.

"கிட்ட வைக்காதீகன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல என்ன பஞ்சா?"

"நீதான சுரண்டச் சொன்ன?"

"சுரண்டச் சொன்னேன், கொல்லச் சொல்லல!"

எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பூவரச மரத்தடியில் வலை தைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். தடைக்காலத்தில் அவர்களுக்கு வேறு வேலையில்லை. ஒருவர் குனிந்து காயிலைப் பார்த்தார்.

"ஏலே அந்தோணி, இது நம்ம வலைய விடப் பொடிக் கண்ணியால்ல இருக்கு?"

"ஒவ்வொண்ணா நிமித்தணும்ணே" என்றேன். "அதுக்குன்னு ஒரு சீப்பு இருக்கு. எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. மணி இப்பவே ஒண்ணாச்சு."

அந்தோணி அண்ணன் இடுப்பிலிருந்து வலை தைக்கும் ஊசியை உருவினார். பிளாஸ்டிக்கில் பட்டையாக, நுனி மெல்லிசாக இருக்கும். ஒரு தகட்டுக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்பினார். தகடு எழுந்து நின்றது.

"கிழிச்சிராம நிமித்தணும். அம்புட்டுத்தான?" என்றார். காலையிலிருந்து அவர் குரலில் அப்போதுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெட்டியைச் சுற்றி எல்லோரும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ஊசி. மீதி எண்ணெயை நான் ஒரு பக்கமாகக் கழுவி இறக்கினேன். பேச்சு மட்டும் நிற்கவில்லை. டீசல் விலை, நண்டு விலை, யார் படகுக்குப் புது இன்ஜின் என்று எல்லாம் ஓடியது. என் வீட்டுக்காரரும் கையில் சீப்போடு நடுவில் உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. ஜெபமாலை அக்கா நண்டுக் குழம்பும் சோறும் போட்டார். நான் எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவசர வேலைதான், அதற்காக நண்டை விட முடியுமா?

சத்தமே கேட்கவில்லை

பெட்டியைத் திரும்ப மாட்டி, ஓட விட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். காலையில் நின்ற நேரம் தாண்டியது. ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. ஓடியது. என் வீட்டுக்காரர் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேர்க்குது" என்றார். குழாய் வேர்த்தால் ஏசி குளிர்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சமாதானம் ஆகிவிட்டது என்பதற்கும் அந்த ஒரு வார்த்தைதான்.

நான் ரூமுக்குள் போய் நின்றேன். முதலில் முகத்தில் பட்டது. அப்புறம் கழுத்தில் இறங்கியது. புதுச் சுண்ணாம்பும் துவைத்த தொட்டில் துணியும் கலந்த வாசனையோடு ரூம் மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது. அப்படியே கட்டிலில் படுத்துவிடலாமா என்று இருந்தது.

அந்தோணி அண்ணனுக்குப் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டார். பிரின்சி.

"அப்பா, கார்ல ஏறிட்டோம். ஏசி ஓடுதா?"

அவர் போனை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் ஓடி, கையை உயர்த்தி ஏசிக்கு நேராகப் பிடித்தார். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"என்னப்பா, ஒரு சத்தமும் கேக்கல?"

நான் கத்தினேன். "சத்தம் கேக்கலன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம் தாயி! நான் ஏசிக்கார அக்கா பேசுறேன். ஐஸ் மாதிரி இருக்கு!"

அந்தப் பக்கம் என்னமோ பேசிக்கொண்டார்கள். பிறகு, டிஸ்சார்ஜுக்கு வந்திருந்த சம்பந்தியம்மா டிரைவரிடம் சொல்வது கேட்டது.

"அப்பச் சரி. பாம்பன் ரோட்டுக்குத் திருப்புப்பா."

ஜெபமாலை அக்கா நேராகக் கொல்லைக்குப் போனார். காலி அண்டாவில் மறுபடியும் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது.

கதவு

மண்டபம் ஊரில் அடுத்த வேலை காத்திருந்தது. கிளம்பலாம் என்றார் என் வீட்டுக்காரர். கார் வரட்டும் என்றேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி டூல் பையை மறுபடியும் கீழே வைத்தார்.

கார் வந்தது. சம்பந்தியம்மா முதலில் இறங்கி, நேராக ரூமுக்குள் போய் ஏசிக்கு அடியில் நின்று மேலே பார்த்தார். அவர் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, "குளுருதே" என்றார். அதற்குப் பிறகுதான் பிரின்சியையும் பிள்ளையையும் உள்ளே கூட்டிப் போனார்கள். ஜெபமாலை அக்கா பேத்தியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். கதவை லேசாகச் சாத்தினார்கள்.

அந்தோணி அண்ணனை மட்டும் காணவில்லை. அவர் ரூம் வாசலுக்கு வெளியே, கதவை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

"உள்ள போகலையாண்ணே?"

"நாத்தம் போகல தங்கச்சி" என்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "சோப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேச்சுட்டேன். பச்சப் புள்ள கெடக்குற ரூமு. சம்பந்தியம்மா வேற இருக்காக. பொறவு பாத்துக்கிறேன்."

பொய் சொல்லக் கூடாது, வாடை இருக்கத்தான் செய்தது. காலையிலிருந்து அந்தக் காயிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் எல்லோர் மேலும் இருந்தது.

உள்ளேயிருந்து பிரின்சியின் குரல் வந்தது. "அப்பா எங்க?"

"இங்கனதான் இருக்கேன் தாயி. மேலெல்லாம் மீனெண்ண வாட. நீ ரெஸ்ட் எடு."

ஜெபமாலை அக்கா கதவை அரையடி திறந்தார். கட்டிலில் சாய்ந்தபடி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பிரின்சி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொறந்தன்னைக்கு மட்டும் சென்ட்டு அடிச்சுக்கிட்டா வந்து தூக்குனிய?" என்றாள். "உள்ள வந்து கதவச் சாத்துங்கப்பா. குளுரு வெளிய போகுது."

அந்தோணி அண்ணன் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தியதும் அவர்தான்.